வெள்ளிக்கிழமை வந்து பாருங்கோ

நான்கு வருடங்களுக்கு முன்பு கிளிநொச்சியில் நடந்தது இது. அப்போது என் கணவர் கட்டாரில் லொறி ஓட்டத் தொடங்கி ஏழு வருடமாகியிருந்தது. அவர் திரும்பி வந்து, இனிப் போகாமல் வீட்டோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

கொழும்பு நிறுவனம் ஒன்று, தன் பெயரில் பொரித்த கோழிக் கடை நடத்த ஊர் ஊராக ஆள் தேடியது. முற்பணம் கட்டினால் பெயர்ப்பலகை, அடுப்பு, மசாலா எல்லாம் அவர்களே தருவார்களாம். அதன் பிரதிநிதி வீட்டுக்கு வந்தார். கோழியைப் பற்றி அதிகம் பேசவில்லை. சுவரில் இருந்த என் கணவரின் படத்தைப் பார்த்து, அண்ணா எங்கே என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"கவலைப்படாதீங்கோ அக்கா, கடை தொடங்கி ஆறு மாசத்தில அண்ணாவைக் கூப்பிட்டிடலாம்" என்றார். அதற்குப் பிறகு அவர் நீட்டிய ஆங்கில ஒப்பந்தத்தை வாசிக்க எனக்குக் கண் எங்கே இருந்தது?

அவர்கள் கணக்கில் மாதம் முப்பது நாளும் வியாபாரம். எங்கள் பக்கத்திலோ வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் தொடும் வீடு குறைவு. கோயிலில் கொடி ஏறினால் பத்து நாளும் மரக்கறிதான். கொழும்புக்காரருக்கு அது தெரியாமல் இருக்கலாம். மச்சச் சட்டியை வேறாக வைத்திருக்கும் எனக்குத் தெரியாதா? தெரியும். சொன்னால் அவர் எழும்பிப் போய்விடுவாரோ என்று பயந்து பேசாமல் இருந்தேன். பாதி ஏமாற்றியவர் அவர். மீதியை நானே பார்த்துக்கொண்டேன்.

ஒப்பந்தப்படி கடையை ஒரு நாளும் பூட்டக் கூடாது. வெள்ளிக்கிழமைகளில் திருநீறு பூசிக்கொண்டு ஆள் உட்காராத கதிரைகளுக்குக் காவல் இருந்தேன். கடை தொடங்கி எட்டாவது மாதம், நட்டம் தாங்காமல் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். அவர் கடைசிப் பக்கத்தைக் காட்டி, "வாயால சொன்ன ஒண்டுக்கும் கொம்பனி பொறுப்பில்லையெண்டு நீங்களே கையெழுத்து வைச்சிருக்கிறியள் அம்மா" என்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்தக் கிழமையே பிரதிநிதி தொலைபேசி எடுத்தார். மாங்குளத்திலிருந்து ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை என் கடையைப் பார்க்க வருகிறாராம். நல்லதாக நாலு வார்த்தை சொல்லி அவரைச் சேர்த்துவிட்டால், என் முற்பணத்தைத் தந்து என்னை விடுவிப்பார்களாம். அது கிடைத்தால் முற்பணத்துக்காக நான் பட்ட கடன் தீரும், என் கணவரும் வரலாம்.

ஞாயிறு கடை நிறைய ஆட்கள். அந்தப் பெண் என்னைவிட இளையவர். "அக்கா, எங்கட அவர் குவைத்தில. ஆறு மாசத்தில கூப்பிடலாமெண்டு அந்தத் தம்பி சொல்லுறார். உண்மையோ?" என்று கேட்டார்.

எனக்கென்றே சொன்னதாக நான் பொத்தி வைத்திருந்த அதே வாக்கு! 'ஓம்' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. என் கணவர் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருவதுகூடக் கண்ணுக்குள் தெரிந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"வெள்ளிக்கிழமை ஒருக்கா வந்து பாருங்கோ தங்கச்சி" என்றேன்.

வந்தார். மத்தியானம் வரை ஒரு குஞ்சும் உள்ளே வரவில்லை. நான் கொண்டுபோன சோற்றையும் பருப்பையும் கத்தரிக்காய்க் குழம்பையும் இருவரும் பகிர்ந்து சாப்பிட்டோம். கோழிக் கடைக்குள் மரக்கறிச் சாப்பாடு! சிரித்தோம். போகும்போது என் கையை இறுக்கிப் பிடித்தார். கையெழுத்து வைக்கவில்லை.

என் முற்பணம் போனது போனதுதான். கடையை மூடினேன். தொலைபேசியில் நடந்ததைச் சொன்னபோது என் கணவர், "நீர் செய்தது சரி" என்றார். கடனை அடைக்க இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

போன மாதம் அந்தப் பெண் தொலைபேசி எடுத்தார். சேமித்த காசோடு கணவர் வந்துவிட்டாராம், இனிப் போகமாட்டாராம். கதைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஓர் ஆண் குரல் தேத்தண்ணி கேட்டது. "கொஞ்சம் பொறுங்கோவன்" என்று அந்தப் பெண் அதட்டினார். சந்தோசம் என்று சொல்லி வைத்துவிட்டு, குசினிக்குள் போய் அழுதேன்.

அன்று சொன்னதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. அப்படி ஒரு குரல் என் வீட்டிலும் கேட்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் இனி யாரிடமும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்று இருந்தேன், இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன்.