ஒடியாத காலுக்கு ஒரு கட்டு

போன வாரம் என் மச்சான் சண்முகம் ஒரு பறவைக்கு வைத்தியம் பார்த்தார். பார்த்த லட்சணத்தைக் கேளுங்கள்.

கடலூர் பக்கம் புயல் கரை கடந்த மறுநாள். சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் மச்சானுடைய கரும்புத் தோட்டம். களையெடுக்க வந்த குப்பு, வரப்போரம் அதைப் பார்த்திருக்கிறார். புறாவைவிடக் கொஞ்சம் பெரிசு. வெள்ளை வெளேரென்று உடம்பு, கண்ணுக்கு மை தீட்டிய மாதிரி கறுப்புக் கோடு. வாலில் இரண்டே இரண்டு இறகு மட்டும் ரிப்பன் போல — உடம்பைவிட நீளம்!

ஆனால் நிற்க முடியவில்லை.

"காலு ஒடிஞ்சிபோச்சுங்க. வவுத்தாலயே நவுந்துகினு இருக்குது. எப்படியாவது காப்பாத்துங்க" என்றார் குப்பு.

மச்சான் விடுவாரா? மூங்கில் பத்தை, கிழிந்த வேட்டி... இரண்டு காலுக்கும் கட்டு! நம் ஆட்களுக்கு வைத்தியம் தெரிய வேண்டியதில்லை, கட்டுவதற்குத் துணி கிடைத்தால் போதும்.

நான் போய்ச் சேரும்போது மதியம். வழியெல்லாம் இட ஒதுக்கீடு கேட்டு மறியல். ரோட்டில் வெட்டிப்போட்ட புளியமரங்களைத் தாண்டித் தாண்டி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பறவை எதையும் தின்னவில்லை. கழுத்து தொங்கிப் போயிருந்தது.

கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். முதலில் கட்டைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

"கால் நல்லாத்தாங்க இருக்கு. இது ட்ராபிக் பேர்ட்னு ஒரு கடல் பறவை, புயல் அடிச்சிக்கிட்டு வந்திருக்கு. நடுக்கடல்லயே சுத்தும், மேலேர்ந்து விழுந்து மீன் புடிக்கும். முட்டை வைக்க மட்டும்தான் தீவுப் பாறைக்கு வரும். காலு ரொம்பப் பின்னாடி இருக்கறதால நடக்க வராது. சமதரையிலேர்ந்து எழும்பறதும் கஷ்டம். உயரமான எடத்துலேர்ந்து விடுங்க. இன்னிக்கே... பட்டினி தாங்காது."

மறியலில் கடலூர்க் கடற்கரைக்கு எப்படிப் போவது? மலை ரோடு மட்டும் திறந்திருந்தது. மச்சான் ஜீப்பை எடுத்தார். குப்பு மடியில் கூடை.

வெள்ளிமலை போகிற வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவு. கீழே பள்ளம், முகத்தில் அறைகிற காற்று. தடுப்புச் சுவர்மேல் குப்பு அதை வைத்தார்.

அசையவில்லை.

திடீரென்று சிறகை விரித்து, அப்படியே விளிம்பில் சரிந்தது. போச்சு என்று நினைத்தேன்... காற்று ஏந்திக்கொண்டது! ஒரு வட்டம் அடித்துவிட்டு நேராகக் கிழக்கே போனது. நடக்கத் தெரியாத பறவையா அது? கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

"போவுது பாருங்க! போவுது!" குப்பு குழந்தை மாதிரி கை தட்டினார்.

இறங்கி வந்தால், அடிவாரத்திலும் இப்போது மறியல்காரர்கள் வெட்டிப்போட்ட ஒரு மரம் கிடந்தது. மச்சானுக்கு வந்ததே கோபம்!

"தகுதி இருக்கறவன் தானா மேல வரப்போறான், மாமா. இவங்களுக்கு எதுக்குத் தனியா எடம்?"

நான் மெதுவாகச் சொன்னேன்: "அப்ப அந்தப் பறவைய வரப்புலயே விட்டிருக்கலாமே மச்சான்... அதுக்குத்தான் றெக்கை இருந்துச்சே!"