நீலக்கண் தண்டயல்

மூன்றாம் மாடி வெக்கையில் சாம்பிராணிப் புகையும் பாகற்காய்க் கறியும் ஒன்றாக மணக்கிற மணம்தான் என் பத்து வயதின் கோடை. பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில், கொஞ்சம் புகை பட்டாலே ஊரைக் கூட்டிவிடும் அலாரத்துக்குப் பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டிவிட்டுத்தான் அம்மா தீக்குச்சியைத் தொடுவார். ஆடி அமாவாசை விரதத்துக்குக் காத்தோட்டிக்காய் சமைக்கவேண்டும். அந்தக் கசப்புக்காய் அப்போது மொன்றியலில் எங்கே கிடைத்தது? பாகற்காய்தான் அதற்குப் பதில் கசந்தது.

சாமித் தட்டில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு படம் இருந்தது. அவர் அப்பாவின் பூட்டனார், கந்தப்பர் தண்டயல். பாய்க்கப்பலை நடத்துகிறவரைத்தான் எங்கள் கடற்கரையில் "தண்டயல்" என்பார்கள். பர்மாவுக்கு அரிசி ஏற்றப் போன வழியில் புயல் அடித்தபோது, தன்னைச் சுக்கானோடு கயிற்றால் கட்டிக்கொண்டு இரண்டு நாள் நின்று அத்தனை பேரையும் கரைசேர்த்தவர். அடுத்த பயணத்தில் கடலோடு போய்விட்டவர். படம் பழுப்பேறிக் கிடந்தது. முகம் எங்களைப் போலவே கறுப்பு, பின்னால் இழுத்துக் கட்டிய தலைமயிரை அம்மா "குடுமி" என்பார், பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு மட்டும் வெள்ளைக்காரன் மெச்சிக் கொடுத்ததாம். கணக்குச் சோதனைக்குப் போகுமுன் அவருடைய நெற்றியில், அதாவது கண்ணாடியில், ஒரு விரல் திருநீறு பூசிவிட்டுத்தான் படியிறங்குவேன். பிள்ளையாரைவிட அவரைத்தான் நம்பினேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் வகுப்பு முடிகிற யூன் மாதம் எங்கள் ஆசிரியை, நாங்கள் மடாம் என்று கூப்பிடுகிறவர், வகுப்பை ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சிறிய நூதனசாலைக்குக் கூட்டிப்போனார். பழைய நங்கூரம், கயிறு, ஓட்டை விழுந்த பலகை என்று பார்த்துக்கொண்டு போன நான், உள்ளறைக்குள் திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டேன். சுவரில், ஆள் உயரத்துக்கு, எங்கள் பூட்டன்! அதே கோட்டு, அதே பொத்தான், அதே குடுமி. ஆனால் பழுப்பேறாத இந்தப் படத்தில் முகம் அவித்த இறாலின் நிறம். கண் நீலம். நெஞ்சு அடித்த அடியில் வாய் தானாகத் திறந்து, "இது எங்கட பூட்டன்!" என்று பிரெஞ்சில் கத்திவிட்டேன். வகுப்பே சிரித்தது. மடாம் சிரிக்கவில்லை. கீழே இருந்த விளக்கத்தைக் காட்டி, கொப்பியில் பார்த்து எழுதச் சொன்னார். ஒரு எழுத்தும் விடாமல் எழுதிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் சென்ட் லோரன்ட் பக்டரியில் இருந்து வந்த அப்பா சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, நான் சொல்லிவிட்டேன். அவர் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். கதவடியிலேயே குந்திவிட்டார்.

"இஞ்ச வந்த முதல் வருசம் தனிய இருந்தனான்," என்றார் அம்மாவைப் பார்க்காமல். "பழைய சாமான் விக்கிற இடத்தில கண்டனான். ஆரோ கப்பல்காரன் எண்டு மட்டும் விளங்கினது. எங்கட பூட்டனுக்கு ஏது படம்? வெறும் சுவரைப் பாத்துக் கும்பிட மனம் வரேல்லை. நீ பிள்ளையோட வந்திறங்கி, 'இது ஆர்' எண்டு கேட்டாய். வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன். பேந்து உண்மையைச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்."

அந்தப் "பேந்து" ஒன்பது வருடமாக வரவில்லை.

அம்மா அழுவார் என்று பயந்தேன். அவருக்கு அழுகை வரவில்லை, முகத்தில் இரத்தமே இல்லாமல் போய்விட்டது. "ஒன்பது வருசமா ஆரோ ஒரு மனுசனுக்குப் படைச்சுப்போட்டு, எங்கட மனுசனைப் பட்டினி போட்டிருக்கிறன்," என்றார். படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் குப்புற வைத்தார். அதன் பிறகு அப்பாவோடு ஒரு சொல் கதைக்கவில்லை; சோற்றை மேசையில் வைத்துவிட்டு அப்பால் போய்விடுவார். அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. யாருக்குப் படைக்கப் போகிறார், படைப்பாரா என்றே தெரியவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

விரதத்துக்கு முதல் நாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, "அதில என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டார். கொப்பியைப் பார்த்துச் சொன்னேன். இந்த நகரத்தில் பிறந்தவர், சின்னக் கப்பல் ஒன்றின் தலைவர். ஆங்கிலேயக் கப்பல்கள் துரத்தி வந்தபோது, மற்றவர்கள் தப்பிப் போகட்டும் என்று ஆற்று வாயில் தனியாக நின்று மறித்தவர். கப்பல் தண்ணீருக்குள் தாண்டது, உடல் கிடைக்கவில்லை. பிள்ளைகள் இல்லை.

"பிள்ளையள் இல்லையோ?"

"இல்லையாம்."

"அப்ப அந்த மனுசனுக்கு ஆர் குடுக்கிறது?"

அலுமாரியைத் திறந்து படத்தை வெளியே எடுத்தார். மறுநாள் சாமித் தட்டின் முன் இரண்டு இலை விழுந்தது. ஒன்று அந்தப் படத்துக்கு, மற்றது படமே இல்லாத ஒரு குத்துவிளக்குக்கு. ஆறு கிழமைக்குப் பிறகு அம்மா அப்பாவோடு கதைத்த முதல் கதை இதுதான்: "உங்கட பூட்டனுக்கு முதல் வையுங்கோ. அவர் ஒன்பது வருசப் பசியோட நிக்கிறார். இவர் இவ்வளவு நாளும் சாப்பிட்டவர்தானே, கொஞ்சம் பொறுப்பார்." அப்பா சிரிக்கவா அழவா என்று தெரியாமல் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காகத்துக்கென்று பல்கனியில் வைத்த சோற்றைக் கடற்காகம் ஒன்று வந்து தின்றது.

அம்மா இருக்கும்வரை இரண்டு இலையும் தவறவில்லை. இன்று அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். போன மாதம் என் மகளுக்குக் காட்டுவதற்காக நூதனசாலைக்குப் போனேன். உள்ளறையில் இப்போது பிள்ளைகள் தொட்டு விளையாடுகிற திரைகள். அவர் இருந்த சுவரே இல்லை. வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம், அன்று கொப்பியில் எழுதிய அவருடைய பெயரைச் சொன்னேன். அவர் பிறந்த நகரத்திலேயே, "யார் அது?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவர்களுக்காகத்தானே அந்த மனிதன் தாண்டு போனான்!

கணினியில் தேடிவிட்டு, படம் களஞ்சியத்தில் இருப்பதாகவும், அதைப் பார்க்க விண்ணப்பம் நிரப்பவேண்டும் என்றும் சொன்னாள். பேனாவை எடுத்துக்கொண்டு, "நீங்கள் அவருடைய குடும்பமா?" என்று கேட்டாள்.

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. பிரெஞ்சில் திருப்பிச் சொன்னேன்.