இஸ்பிஸ்டருக்குக் கொடுத்த இரண்டு விரல்

இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சிரிக்க யாருக்குத்தான் தெரியாது? நான் கண்ணால் பார்த்ததை, பார்த்தபடி சொல்கிறேன்.

ஹட்சன் விரிகுடாவுக்கு மேற்கே, மிருகத் தோல் வாங்கும் ஒரு வியாபாரக் கோட்டையில் நான் குமாஸ்தா. மை உறைந்துபோகும். வாயால் ஊதி இளக்கித்தான் எழுத வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அங்கிருந்த கூலியாட்களைப் பொறுக்க முடியாது. வேலை என்றால் முதுகு வலிக்கும். ரம் என்றால் ஓடி வருவான்கள். புத்தாண்டு காலையில் எல்லோருக்கும் கைகொடுத்து ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றுவது வழக்கம். அதனால் டிசம்பர் வந்தாலே வெளி முகாமில் இருக்கிறவனுக்கெல்லாம் நோய் வந்துவிடும்.

டிசம்பர் 18. ஏரிக்கரை மீன் முகாமிலிருந்து நாய்வண்டியில் மீன் ஏற்றிக்கொண்டு ஃப்ளெட் வந்தான். முகாம் இரண்டு நாள் தூரம். அங்கே தனியாக இருந்தவன் இஸ்பிஸ்டர்.

"ஐயா, அவனுக்குக் கால் நல்லா இல்லீங்க. வண்டியைக் கொடுங்க, போய்க் கூட்டியாந்துடறேன்."

"கால் வலியா, ரம் வலியா?"

"நெசமாத்தாங்க. வீங்கிக் கெடக்கு."

"போன வருஷம் பல்லு. அதுக்கு முந்தி இடுப்பு. புத்தாண்டு முடியட்டும், பார்க்கலாம். போய் வேலையைப் பாரு."

ஃப்ளெட் மீனை இறக்கப் போய்விட்டான்.

ஜனவரி 1. காலை எட்டு இருபது. கோட்டையில் இருந்த பதினொரு ஆட்களும் வரிசையாகக் கூடத்துக்குள் வந்தார்கள். கோட்டைத் தலைவர் ஹால்க்ரோ துரை கைகொடுத்தார். அடுத்து நான் கைகொடுத்து, கிளாஸை நீட்டினேன். பதினொன்றும் முடிந்தது.

வாசலில் சத்தம்...

டக். சர்ர்ர்... டக். சர்ர்ர்...

ஒரு காலை இழுத்துக்கொண்டு இஸ்பிஸ்டர் வந்தான். வந்துட்டான் பாரு, என்று பல்லைக் கடித்தேன். இரண்டு நாள் நடந்து வர முடிகிறவனுக்கு வண்டி ஒரு கேடு.

யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. துரையைத் தாண்டி நேராக என்னிடம் வந்தான்.

தாடி முழுக்கப் பனி. பக்கத்தில் கணப்பு எரிகிறது... பனி உருகவில்லை.

ரம் ஊற்றி மேஜையில் வைத்தேன். தொடவில்லை.

கையை நீட்டினான்.

வழக்கத்தை மீற முடியாதே. வேண்டா வெறுப்பாக இரண்டு விரலை மட்டும் கொடுத்தேன்.

பிடித்தான்.

விடவில்லை...

"ஏம்ப்பா, யாருக்கு ஊத்தி வெச்சிருக்கே?" துரையின் குரல். "பதினொரு பேரும் குடிச்சாச்சே."

துரையைத் திரும்பிப் பார்த்தேன். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தேன். ஆள் இல்லை. என் இரண்டு விரலும் வெளுத்து, கட்டை மாதிரி இருந்தன. வெளியே ஓடினேன். ராத்திரி விழுந்த பனியில், ஏரிப் பக்கமிருந்து ஒரு காலடித் தடம்கூட இல்லை.

அன்றைக்கே ஃப்ளெட்டை வண்டியோடு அனுப்பினேன். ஐந்தாம் தேதி திரும்பினான். என் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"காலு முழங்கால் வரைக்கும் கறுத்துப்போச்சுங்க. டிசம்பர் ஒண்ணுலேர்ந்து சுவத்துல தெனம் ஒரு கோடு போட்டிருக்கான். இருபத்திமூணோட நின்னுடுச்சு. கிறிஸ்துமஸைக்கூடப் பார்க்கல. ஒடம்பு முழுக்கக் கல்லா ஒறைஞ்சு கெடந்தான். வலது கை மட்டும்..."

"என்ன?"

"எளகி இருந்துச்சுங்க. வெதுவெதுன்னு... இப்பத்தான் யாரோ பிடிச்சுட்டு விட்ட மாதிரி."