வெறுங்கூடை திரும்பாத லயம்

பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு மார்க்கெட்டைப் பூட்டிவிடுவார்கள். மாதம் முழுக்க மூட்டை சுமந்த நாட்டாமிகள் அன்றைக்குத்தான் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலில் குந்தியிருப்பார்கள். செல்லப்பா மட்டும் அன்றைக்கும் சுமப்பான். தோளில் ஒரு சாக்கு, கைக்கு ஒரு பை. காலை ஏழு மணிக்குக் கண்டியில் கலஹா பஸ் ஏறி, சாக்குக்காகக் கண்டக்டரிடம் ஒரு பாட்டம் ஏச்சு வாங்கி, பேராதனை தாண்டி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டான் என்றால் முகம் தெளிந்துவிடும்.

சாக்கில் இருப்பது முதல் நாள் விற்காமல் மிஞ்சிய மரக்கறி. மிஞ்சியது என்றால் அழுகியது இல்லை. அவன் வேலை செய்யும் கடையின் முதலாளி மஹ்ரூப், அக்குறணைக்காரர். வாய் காரம், கை தாராளம்.

"நல்லதாப் பாத்து எடு. கெட்டதக் கொண்டுபோய்க் குடுத்து எனக்கு ஏச்சு வாங்கித் தராத," என்பார். பின்னாலேயே ஒரு குத்தலும் வரும். "மாசா மாசம் ஓடுறியே, அங்க பொண்ணு ஒண்டு பாத்து வெச்சிரிக்கியா?"

"ஆறு பேர் இருக்காங்க மொதலாளி. அதுல சின்னவுங்களுக்கே எழுவது ஆச்சு."

"ஆறு பேரா! அல்லாவே, தாங்குவியா நீ?"

அந்த ஆறு பேரும் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு லயத்தில், ஒரே வரிசையாகக் கட்டிய ஒற்றையறைகளில் இருந்தார்கள். பேர் வெட்டப்பட்டவர்கள். வயது போனவர்களை வேலையிலிருந்து நிறுத்துவதைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பேர் வெட்டினால் சம்பளமும் வெட்டு. பிள்ளைகள் கொழும்புக் கடையிலோ யார் வீட்டுக் குசினியிலோ இருந்து அனுப்புவதில் அரிசியும் மாவும் எப்படியோ வந்துவிடும். பச்சையாக ஒரு கறி வைக்கத்தான் வழியில்லை. லயத்துக்குப் பின்னால் பாத்தி கட்டினால் இரவோடு இரவாகப் பன்றி உழுதுவிட்டுப் போய்விடும்.

செல்லப்பா அவரவர் வாய் பார்த்து எடுப்பான். ஒரு பல்லும் இல்லாத வீரய்யாவுக்குப் பூசணி. சீனி வருத்தக்காரருக்குப் பாவற்காய். பாப்பம்மாவுக்கு நோக்கோல், அதுவும் இலையோடு. இலையை நறுக்கிப் போட்டால்தான் அவளுக்குக் கறி. ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் குந்துவான். வீரய்யாவின் முழங்கால் வலியை விசாரிப்பான். பேட்டரி செத்த ரேடியோவைத் தட்டிப் பார்ப்பான். பாப்பம்மாவின் காம்பராவைக் கடைசிக்கு வைத்துக்கொள்வான். அங்கே போனால் லேசில் எழும்ப மாட்டான்.

பாப்பம்மாவும் அவன் அம்மா நல்லம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர்கள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. எழுபத்து மூன்றாம் வருஷம் நல்லம்மா இந்தியாவுக்குப் போனாள். போனாள் என்பதைவிட அனுப்பினார்கள் என்பதுதான் சரி. இரண்டு நாட்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி அவளுக்கும் மகளுக்கும் இந்தியாவுக்கென்று கடுதாசி வந்தது. வயது வந்தவன் என்று தனியாக விண்ணப்பம் எழுதிப் போட்ட செல்லப்பாவுக்கு இலங்கை என்று வந்தது. கோத்தகிரிப் பக்கமிருந்து மூன்று காகிதம் அம்மா எழுதுவித்தாள். நாலாவதைத் தங்கச்சி எழுதியிருந்தாள். அது வந்து சேர்ந்தபோது அம்மாவை எடுத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அம்மாவின் படம்கூட அவனிடம் இல்லை. பாஸ்போட்டுக்கு எடுத்த ஒரே படம் பாஸ்போட்டோடு கடல் தாண்டிவிட்டது.

அதனால் பாப்பம்மா சொல்வாள், அவன் கேட்பான். நல்லம்மா அட்டைக்குப் பயந்து கால் முழுக்கச் சவுக்காரம் பூசிக்கொண்டு மலையேறியது. கங்காணியின் குடையை ஆற்றோடு விட்டுவிட்டு, ஒன்றும் அறியாதவள் மாதிரி கொழுந்து பறித்தது. குடைக் கதையை அவன் மார்க்கெட்டில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான்! நல்லம்மா என்ற பேரை வாய் நிறையச் சொல்ல இந்தக் கரையில் மிச்சமிருந்தது பாப்பம்மா ஒருத்திதான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் தைப்பொங்கல் கழிந்து அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பொலித்தீன் பையில் கட்டிக் கொடுக்கும் கீரை பஸ் சூட்டிலேயே வெந்துவிடுகிறது. பெரியவர்களுக்குக் கொடுப்பது கொஞ்சம் மரியாதையாகவும் இருக்கட்டுமே என்று, மூடி போட்ட சின்னப் பிரம்புக்கூடை பன்னிரண்டு வாங்கினான். ஆறு நிறைந்து போகும், போன தடவை வைத்த ஆறு காலியாகத் திரும்பும். மஹ்ரூப் முதலாளிகூட, "மாப்புள வீட்டுச் சீர் மாதிரி ஈக்கி," என்று மெச்சினார். கூடைகளைத் தடியில் கோத்துத் தோளில் வைத்துக்கொண்டு போய், "அடுத்த போயாவுக்குக் கூடைய வாங்கிக்கிறேன்," என்று வாசல் வாசலாக வைத்துவிட்டு வந்தான்.

அடுத்த போயாவுக்குப் போனபோது வீரய்யாவின் காம்பரா பூட்டியிருந்தது. தண்ணிக்குப் போயிருக்கு என்றார்கள். முழங்காலை மடக்க முடியாத மனுஷன் தண்ணிக்கா? பாப்பம்மா வீட்டுக் கதவிலும் பூட்டு. கொண்டுபோனதைப் பக்கத்து வீடுகளில் கொடுத்துவிட்டுத் திரும்பினான். அதற்கடுத்த போயாவுக்கும் அதே கதை. ஆறு பேரில் ஒருவர்கூட முகம் காட்டவில்லை. கூடையும் திரும்பவில்லை.

அந்த மாதம் அவனுக்கு மூட்டை கனத்தது. ராத்தல் கூடவில்லை, மனசுதான். அந்தக் கதவு இனித் திறக்காவிட்டால் அம்மாவைப் பற்றிக் கேட்க எங்கே போவது?

சித்திரைப் போயாவுக்கும் பூட்டுத்தான் வரவேற்றது. தண்ணீர் விழும் பீலியடியில் அழகம்மா துணி அடித்துக்கொண்டிருந்தாள். பாப்பம்மாவுக்கு அடுத்த வீட்டுக்காரி.

"அழகம்மா, பெரியம்மா எங்க?"

"கோயிலுக்குண்ணே."

"கோயில் பூட்டிக் கெடக்கு. இப்பதான் அதத் தாண்டி வாறேன்."

"அப்ப எனக்குத் தெரியாது."

"கூடைய வித்துட்டாங்கன்னா வித்துட்டோம்னு சொல்லச் சொல்லு. அதுக்காக ஒளிஞ்சுக்க வேணாம்."

அழகம்மா துணியைக் கல்லில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"விக்கிறதா? ஏண்ணே, டவுன் தண்ணி குடிச்சு மூள கரைஞ்சு போச்சா? அந்தக் கூடைய அதுக சாமிப் பொட்டி மாதிரி தொடச்சு வச்சிருக்குக. இந்த லயத்துல யாரு வீட்டுச் சட்டியாச்சும் வெறுசாத் திரும்பியிருக்கா? ஒங்கம்மா அப்புடிக் குடுத்திருக்கா? ஒரு கை உப்பாச்சும் போடாம? பையில குடுத்தீங்க, பைய யாரும் திருப்பிக் கேக்கல. இப்பக் கூடையில குடுத்துட்டு, அடுத்த மாசம் தாங்கன்னா? வீரய்யா தாத்தா அதுக்குள்ள எதப் போட்டுக் குடுக்கும்? பல்லயா? அதுவும் இல்ல அதுக்கிட்ட!"

பக்கத்து வீட்டுச் சட்டியில் இரண்டு முருங்கைக்காயைப் போட்டு, 'வெறுஞ்சட்டி குடுத்தா அவுங்க அடுப்பு அணைஞ்சு போகும்' என்று அம்மா செல்லப்பாவின் கையில் கொடுத்தனுப்பாத நாளா? எல்லாம் தெரியும். தெரிந்ததைத்தான் மார்க்கெட்டில் எந்த மூட்டையோடோ இறக்கி வைத்துவிட்டான்.

"பிள்ளக்காம்பராவுக்குப் பின்னால பாருங்க," என்றாள் அழகம்மா, குரலைத் தாழ்த்தி. "நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

வேலைக்குப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கட்டடம் விடுமுறைக்கு அடைத்துக் கிடந்தது. பின்படியில் பாப்பம்மா முழங்காலில் நாடியை வைத்துக் குந்தியிருந்தாள். காலடி கேட்டும் திரும்பவில்லை.

"பஸ் இன்னும் போகலியாடா?"

"போகல பெரியம்மா. கூடை எனக்கு வேணாம். அதுல வெறகு போட்டு வச்சுக்க. புத்தியில்லாமச் செஞ்சிட்டேன்."

"கூடைக்கு மட்டும்னா நா என்னாத்துக்கு ஒளியிறேன்? ரெண்டு கொய்யாப்பழம் பொறுக்கிப் போட்டிருக்க மாட்டேனா?"

"பெறகு?"

அவள் படியில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லடா. நல்லம்மா கத தீந்து போச்சு."

செல்லப்பாவுக்கு விளங்கவில்லை.

"மார்கழியில சொன்னேனே, கங்காணி கொடைய ஆத்துல விட்டது. அது ஒங்கம்மா இல்ல. மேப்பிரிவு ராமாயி. அட்டக்கிச் சவுக்காரம் பூசினது நாந்தான். நீ வாயையே பாத்துக்கிட்டு குந்தியிருக்க. இல்லைன்னு எப்புடிச் சொல்றது? மறுபடி மறுபடி எம்புட்டுப் பொய்தான் சொல்லுவேன்?"

அவன் அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். குடையை ஆற்றோடு விட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற அந்த அம்மாவை நாலு மாதமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அவளும் போய்விட்டாள். கீழே வளைவில் பஸ் ஹார்ன் அடித்தது. அவன் எழும்பவில்லை.

"அம்மா கோச்சி ஏறின அன்னைக்கு நீ ஸ்டேஷனுக்கு வரலியே பெரியம்மா," என்றான் கடைசியில்.

"தொர லீவு குடுக்கல."

அன்றைக்குப் பார்த்ததை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை; இப்போது சொன்னான். "கண்டி ஸ்டேஷன் பூரா ஒப்பாரி. அம்மா அழுகல. ஜன்னலோரமா ஒக்காந்து ரவிக்கைய இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு இருந்துச்சு. தோள்ல நிக்கவே இல்ல. காறை எலும்பு தெரியுது. அம்புட்டு எளச்சுப் போயிருந்துச்சு. என்னைய விட்டுட்டுப் போறோமேன்னு எத்தன நாளாச் சோறு தின்னாமக் கெடந்துச்சோ. கோச்சி நகந்தப்பக்கூடக் கைய ஆட்டல. ரவிக்கையத்தான் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நல்லதா நாலு வாய் தின்னேன்னா அந்தத் தோள்தான் முன்னால வருது."

பாப்பம்மா முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னா நெறம்?"

"எது?"

"ரவிக்கடா."

"ஊதா."

"கையில வெள்ளக் கோடு ஓடுமே? ரெண்டு கோடு?"

கோட்டைப் பற்றி அவன் சொல்லவே இல்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

பாப்பம்மா அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். "கூறுகெட்டவனே, அது என்னோடதுடா! அந்தப் பொங்கலுக்குத் தச்சது. கிழிஞ்சதப் போட்டுக்கிட்டா கப்பல் ஏறப் போறேன்னு அவள ஏசிட்டு நாந்தான் எடுத்துக் குடுத்தேன். அப்ப நா இருந்த இருப்புக்கு அதுக்குள்ள ரெண்டு நல்லம்மா பூந்துக்கலாம். எளச்சாளாம்ல! போற அன்னைக்கு விடியக்காலையில எங்க அடுப்படியில குந்தி மூணு ரொட்டி தின்னா. சம்பலோட. ஒன்ன நெனச்சு அழுதா, இல்லைங்கல. தின்னுக்கிட்டே அழுதா."

செல்லப்பா வாயைப் பொத்திக்கொண்டான். சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை. பஸ் அடுத்த வளைவையும் தாண்டி, சத்தம் தேய்ந்து போனது.

"மூணா?"

"மூணு. நாலாவத மடியில கட்டிக்கிட்டா."

"சின்னதா, பெருசா?"

"எதுடா?"

"ரொட்டி."

பாப்பம்மா தன் மெலிந்த கைகள் இரண்டையும் விரித்து, அளவு காட்டினாள்.