அவன் போட்ட ஒரு லைன்

கோபம் வந்தா எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது. அணுபுரம் குவார்ட்டர்ஸ்ல, வாய்க்கு முன்னாடி கை பேசுற வூடு எங்களுது. அப்பா என்னை பெல்ட்டால விளாசுவாரு, நான் தம்பிய விளாசுவேன். காலேஜுக்குப் போயும் அந்தப் புத்தி போகல. ரெண்டாயிரத்தோட ஆரம்ப வருஷங்கள்ல, பொத்தேரியில ரூம் எடுத்துத் தங்கியிருந்தப்ப, புரோகிராம் நின்னுபோச்சுன்னு கீபோர்டைச் சுவத்துல அடிச்சு நொறுக்கியிருக்கேன்.

கடைசி வருஷ புராஜெக்ட்டுல என் கூட்டாளி, மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துலேர்ந்து வந்தவன். அவன் நைனா கடலுக்குப் போறவரு. வியாழக்கிழமை அவனுக்கு கேம்பஸ் இன்டர்வியூ, வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் புராஜெக்ட்டைக் காட்டணும். அந்த வேலைய நம்பித்தான் அவன் வூடே உக்காந்திருந்துச்சு.

நாங்க அசெம்ப்ளிங்கற கம்ப்யூட்டர் பாஷையில எழுதினது ஒரு தாவல். புரோகிராமோட ஒரு துண்டு, அதான் ஃபங்ஷன், இன்னொண்ணைக் கூப்பிட, அது வேற ஒண்ணைக் கூப்பிட, அடியில எங்கயாவது தப்பு நடந்தா, படிப்படியா திரும்பி வராம, முன்னாடியே குறிச்சு வெச்ச இடத்துக்கு ஒரே தாவலா வந்துடணும். அதுக்கு பிராசஸரோட ரிஜிஸ்டர்ல இருக்கறதையும், ஃபங்ஷனுங்க தங்களோட கணக்கை அடுக்கி வெக்கிற ஸ்டாக் எங்க நிக்குதுங்கறதையும் எழுதி வெக்கணும். அந்த வேலை என்னுது. பாக்க அழகா இருக்கட்டும்னு அதைத் தனியா ஒரு ஃபங்ஷனுக்குள்ள போட்டேன். பத்து தடவை ஓட்டினேன், பத்து தடவையும் தாவிச்சு.

புதன்கிழமை மத்தியானம் லேபுக்கு வந்தா மெஷின் செத்துக் கிடக்கு. அவன் புரோகிராம் நடுவுல, திரையில எழுத்துக் காட்டுற ஒரு பிரின்ட் லைன் போட்டிருந்தான். இரு மச்சான், சொல்றேன்னு எழுந்தான். விட்டேன் ஒரு அறை, இடது காதோட சேர்த்து. நாற்காலியோட விழுந்தவனை வயித்துல உதைச்சேன். எழுந்தவன் என் கழுத்தைப் பிடிச்சு சுவத்தோட அழுத்தினான். வலை இழுத்த கை, என் கால் தரையில பாவல. செத்தோம்னே நெனச்சேன். காதுலேர்ந்து ரத்தம் வழியறதைத் தொட்டுப் பாத்துட்டு, அவனே கைய எடுத்துட்டான். நான் அந்த லைனை அழிச்சேன், புரோகிராம் ஓடுச்சு. பாத்தியாடான்னு கத்தினேன். அவன் பையத் தூக்கிகினு போய்ட்டான்.

இன்டர்வியூல, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்ப "இன்னா சார்?"னு கேட்டானாம். வேலை இல்லைன்னு அனுப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமை காதுல பஞ்சோட வந்து பக்கத்துல நின்னான். நல்ல மார்க் போட்டாங்க.

அடுத்த வாரம் ரிப்போர்ட் எழுத உக்காந்தப்பதான் எனக்கு உறைச்சுது. ஒரு ஃபங்ஷன் முடிஞ்சா, ஸ்டாக்குல அதோட இடம் அடுத்து வர்றதுக்குப் போயிடும். அழகுக்காகத் தனி ஃபங்ஷனுக்குள்ள நான் குறிச்சு வெச்சது, எப்பவோ காலி பண்ணின இடம். அங்க வேற எதுவும் பெருசா எழுதாத வரைக்கும் தப்பிச்சுகினு இருந்துச்சு. அவனோட பிரின்ட் அங்க எழுதினதும் குட்டு வெளிப்பட்டுச்சு. அவன் ஒண்ணும் கெடுக்கல. தப்பு பூரா என்னுது.

பஸ் ஏறி குப்பத்துக்குப் போனேன். படகோரமா உக்காந்து வலையிலேர்ந்து நண்டை உடைச்சு எடுத்துகினு இருந்தான். பக்கத்துல போய் உக்காந்து, தப்பு எங்க இருந்துச்சு, எப்படிக் கண்டுபிடிச்சேன், எல்லாத்தையும் தலையக் குனிஞ்சுகினே சொல்லி முடிச்சேன். அவன் நண்டுலேர்ந்து கண்ணை எடுக்கல. தோளைத் தொட்டப்பதான் திரும்பினான்.

"இந்தாண்ட வந்து சொல்லு மச்சான். அந்தக் காது கேக்கல."

எழுந்து வலது பக்கம் போய், முதல்லேர்ந்து திரும்பவும் சொன்னேன்.

"தெரியும்,"னான். "அதக் காட்டத்தான் அந்த லைனப் போட்டேன்."