கிழியாத இலை

சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே மூன்று ஏக்கர். ரப்பர் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது, பால் வெட்டிச் சேர்த்த சேமநிதியைப் போட்டு அப்பா வாங்கியது. அவர் போனபின் எனக்கும் அண்ணனுக்கும் பாதிப் பாதி. கிழட்டுப் பால்மரம், லாலான் புல், வருஷா வருஷம் நிலவரி. வேறு எதையும் அந்த நிலம் எங்களுக்குத் தரவில்லை.

ஈப்போ சிலிபினில் இருக்கும் அண்ணன் விற்றுவிடலாம் என்றார். ஒரு நிலப் புரோக்கர் அவர் காதைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. மூன்று தலைமுறை அடுத்தவன் மண்ணில் குனிந்தோம். கிடைத்த சொந்த மண்ணையும் விற்றுவிட்டு, ஃபிளாட் நாலாவது மாடியில் தொட்டிச்செடி வைக்கவா?

"வாய் மட்டும் பேசாத லா," என்றார் அண்ணன். "ரெண்டு வருஷம் தாரேன். நெலம் தன் வரியத் தானே கட்டட்டும். இல்லன்னா நீயும் கையெழுத்துப் போடணும்."

"போடுறேண்ணே," என்றேன். வேறு வழியில்லை.

ஈப்போ முழுக்க வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள். தினமும் இலை வேண்டும். பழத்துக்கு இல்லாமல் இலைக்கென்றே வாழை வைத்தேன். மலாய்க்காரர்கள் பீசாங் பத்து என்கிற விதை வாழை. பழத்தைக் கடித்தால் விதைதான் பல்லில் படும். ஆனால் இலை அகலம், தடிப்பு.

அதோடு ஒரு மடத்தனமும் செய்தேன். தோட்டத்தில் வளர்ந்த எல்லோரும் செய்கிற மடத்தனம். எதை நட்டாலும் முதலில் பழைய மரத்தைச் சாய்த்து, மண் தெரிய வழித்து, கயிறு பிடித்து வரிசை போடுவோம். துரைமார் காலத்துப் பழக்கம். அப்படியே ஒரு ஏக்கரை வழித்து நட்டேன். வாழை என் தலைக்கு மேல் வளர்ந்ததும் மலைப்பக்கக் காற்று வந்து ஒவ்வொரு இலையையும் சீப்பு மாதிரி கிழித்தது.

கடைக்காரர் முதல் கட்டைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். "என்னக்கா இது, தோரணமா? இதுல ரசம் ஊத்துனா கஸ்டமர் மடியிலதான் சாப்பிடணும்."

ஒரு வருஷம் போயிற்று. வழிக்காத பக்கம், பால்மரங்களுக்கு நடுவே, மிஞ்சிய நாலு கன்றுகளைச் சும்மா ஊன்றியிருந்தேன். போய்ப் பார்த்தால் ஒரு இலையிலும் கீறல் இல்லை. காற்றை மரங்கள் வாங்கிக்கொண்டன. மிச்ச இரண்டு ஏக்கரிலும் அப்படியே நட்டேன். வெயிலை மறைத்த கிளைகளை மட்டும் வெட்டினேன்.

"காட்டுக்குள்ள வாழையா? ஒனக்கு மரை கழண்டுடுச்சு," என்றார் அண்ணன். சொல்லட்டும் என்று விட்டேன்.

கெடு முடிகிற வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, புரோக்கரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை என்றால் கடைகளுக்கு இலை போதாது. கடை வேன் வந்து நின்றிருந்தது. நான் கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டிருந்தேன். நிலவரி ரசீதை எடுத்து அண்ணன் கையில் வைத்தேன். முழுக்க இலைக் காசு. உரமும் அதில்தான் வாங்கினேன்.

"இப்பத்தான் நல்ல வெல போகுதுண்ணே, அப்பறம் அழுவீங்க," என்றார் புரோக்கர்.

அண்ணன் ஒரு இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பியும் பார்த்தார்.

"என் மக கல்யாணத்துக்கு இவகிட்டதான் எலை கேட்டு நிக்கணும் போல," என்றார். பிறகு புரோக்கரிடம், "நீங்க கெளம்புங்க தம்பி. இது விக்கிறதுக்கு இல்ல."

அந்த ஆள் அசையவில்லை. அவர் கார் வேனுக்கு முன்னால் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. இலை வாடுவதற்குள் அதை எடுக்கச் சொன்னேன்.