ஆறு மாதம் வாய் திறக்காத நொரீனா

இத்தாலிக்கு நடுவே இருக்கும் எங்கள் குட்டி நாடான சான் மரினோவில் கீழூரிலிருந்து மலைமேல் தலைநகருக்கு, வடத்தில் தொங்கிப் போகும் கம்பிவண்டியில் ஏற இரண்டு நிமிடம் போதும். அதை ஓட்டும் நொரீனாவுக்கு அந்த இரண்டு நிமிடத்தில் பயணிகளுக்கு ஊர் வரலாறு முழுவதையும் சொல்லிவிட வேண்டும். மேலே ரொட்டிக்கடை வைத்திருக்கும் அத்தீலியோவும் தினமும் அதே வண்டியில்தான் வருவான், குறுக்கே பேசுவான்.

"நெப்போலியன் கடல் வரைக்கும் நிலம் தர்றேன்னான். வேணாம்னுட்டாங்க நம்ம ஆளுங்க. வாங்கியிருந்தா இப்ப எனக்குக் கடற்கரையில கடை."

"வாங்கியிருந்தா அவன் தோத்த அன்னிக்கே நாடும் போயிருக்கும். நீ எவனோட நாட்டுலயோ ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்திருப்ப."

பயணிகள் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள்.

நொரீனா நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. போன ஏப்ரலில் அவளையே நாட்டின் இரு தலைவர்களில் ஒருத்தியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு மாதப் பதவி. கறுப்பு உடையில், படைவீரர்கள் புடைசூழ அவள் அரண்மனைக்கு நடந்தபோது எங்கள் தபால்தலைக் கடை வாசலில் நின்று நானும் கை தட்டினேன். தலைவர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. வாக்குவாதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அத்தீலியோவுக்குக் கொண்டாட்டம். அவள் தெருவில் வரும்போதெல்லாம் வெளியூர்க்காரர்களைக் கூட்டிவைத்து நெப்போலியன் கதையை உரக்கச் சொல்வான். "நான் சொல்றது சரிதானுங்களே, மேன்மை தங்கிய தலைவரே?" நொரீனா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையசைத்துவிட்டுப் போவாள். காது மட்டும் சிவந்திருக்கும்.

ஜூலைக்குள் அவனுக்கே சலித்துவிட்டது. என் கடைக்கு வந்து, "எதிர்ல யாரும் பேசலன்னா ஜெயிச்ச மாதிரியே இல்லப்பா," என்றான். அதன்பின் அவள் வந்தால் எழுந்து நின்று வணங்கினான், கேலி இல்லாமல்.

அக்டோபர் முதல் தேதி அடுத்த தலைவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தாள். பதவி முடிந்தவர்மேல் யாரும் புகார் கொடுக்க மூன்று நாள் அவகாசம் உண்டு. ஒரு புகாரும் வரவில்லை.

மறு வாரம் அவள் மீண்டும் கம்பிவண்டி ஓட்ட வந்தபோது நானும் அதில் இருந்தேன். கதவு மூடியதுதான் தாமதம், நொரீனா தொடங்கிவிட்டாள். அடக்கிவைத்த ஆறு மாதமும் இரண்டு நிமிடத்தில் கொட்டியது. அத்தீலியோ வாய் நிறையச் சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தான்.

இத்தாலியின் பொலோஞாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி அவனிடம் மெல்லக் கேட்டார்: "இந்தம்மா எப்பவும் இப்படித்தானா?"

"போன வாரம் வரைக்கும் இவங்க எங்க நாட்டுத் தலைவருங்க."

வண்டியே சிரித்தது. ஒருவரும் நம்பவில்லை. நொரீனா கதவைத் திறந்து, படியைப் பார்த்து இறங்கச் சொன்னாள்.